அய்யலுசாமி பேரில் ஒரு சீட்டு

1

ஆயுத பூசை அன்று நான் பொரி தின்பதில்லை. முப்பத்திரண்டு வருஷமாகத் தின்பதில்லை. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற ஊரில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து பள்ளிக்கூட ஹால் ஒன்றைப் பிடித்து, கார் சாவிகளையும் லேப்டாப்புகளையும் மேஜையில் வரிசையாக அடுக்கி, சந்தனப் பொட்டு வைத்துப் பூசை போடுவார்கள். முடிந்ததும் யாராவது ஒரு புண்ணியவதி காகிதத் தட்டில் பொரியைக் கொண்டுவந்து நீட்டுவாள். "எனக்கு சுகர் இருக்கு" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வேன். எனக்கு சுகரும் கிடையாது, பிரஷரும் கிடையாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு பகை. அதை இத்தனை வருஷம் ஒரு நாள் விடாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

இந்த வருஷம் ஆயுத பூசை இன்று, செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். நோயாளியாக இல்லை, சேவைக்கு. இன்று நடந்ததைத்தான் ராத்திரி எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் எழுதினால், "என்ன பொம்பளை இவள்" என்பீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். முழுவதும் கேட்ட பிறகும் அப்படியே சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

2

எங்கள் ஊர் புதூர்ப் பக்கம். ஊரின் பேர் வேண்டாம். இருக்கிறதே நூறு வீடு, யார் வீட்டுக் கதை என்று உடனே தெரிந்துபோகும். ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு ரெண்டு மைல். இப்போது அங்கேயும் ரோடு போட்டுவிட்டார்கள். அப்போது வெறும் கரிசல் பாதை. வெயில் காலத்தில் காலை வைத்தால் வெடிப்புக்குள் போய்விடும். ரெண்டு நாள் மழை பெய்தால் பஸ், வேன், சைக்கிள் எதுவும் நகராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாலும் அடி அடிக்கு ஒரு படி மண் பாதத்தில் அப்பிக்கொள்ளும். அந்தச் சேற்றில் போகக்கூடிய ஒரே வண்டி டிராக்டர். ஊருக்கே ஒரு டிராக்டர். அது அய்யலுசாமியுடையது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நாலு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆயுத பூசை அன்று மத்தியானம், ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன அம்மா கரையோரத்தில் விரியன் மேல் காலை வைத்துவிட்டாள். தானே நடந்து வீடு வந்து, "ஏட்டி, பாம்பு போட்டுருச்சு, அப்பாவைக் கூப்பிடு" என்றாள். கணுக்காலுக்கு மேல் கயிற்றால் அவளே கட்டியிருந்தாள். கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

நான் அய்யலுசாமி வீட்டுக்கு ஓடினேன். முறைக்கு மாமா. பக்கத்துக் காட்டுக்காரர். கிணற்றடியில் அப்பாவோடு பீடி பற்ற வைத்துப் பேசுகிற மனுஷன். டிராக்டர் தொழுவத்தில் நின்றது. கழுவித் துடைத்து, ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை.

"மாமா, அம்மாவைப் பாம்பு கடிச்சிருச்சு. ரோடு வரைக்கும் கொண்டுவிட்டாப் போதும் மாமா. அங்கன லாரி கிடைச்சிரும்."

அவர் டிராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பூசை போட்டாச்சே தாயி. பூசை போட்ட வண்டியை நடுவுல எடுக்கக் கூடாதுல்லா. நாளைக்கு விடியட்டும், மொத வேலையா எடுக்கேன்."

நான் காலில் விழுந்தேன். எழுதுவதற்கு இன்றைக்கும் கை கூசுகிறது, ஆனால் விழுந்தேன். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து வந்து, "அழாத தாயி, சாமி இருக்கு" என்று என் கையில் ஒரு பிடி பொரியை வைத்தாள். சுண்டலும் கலந்திருந்தது. நான் அதை வைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன். கையைத் திறக்கத் தோன்றவில்லை.

கட்டிலில் போட்டு அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். மண் ஒட்ட ஒட்ட நின்று, கம்பால் வழித்துவிட்டு, மறுபடி தூக்கினார்கள். ரெண்டு மைலுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதி வழியில் அம்மா வாந்தி எடுத்தாள். பிறகு பேச்சுக் குழறியது. தார் ரோட்டில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார், புண்ணியவான். கோவில்பட்டி எல்லைக்கு முன்னாலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் என் கையில் பொரி இருப்பது தெரிந்தது. நசுங்கி, வேர்வையில் நனைந்து களியாகியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அந்த ஆள் சொன்ன சொல் தவறாமல் டிராக்டரை எடுத்தார். அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக.

அப்பா அதில் ஏற்றவிடவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக என் அப்பாவை நான் சாகும்வரை கும்பிடுவேன்.

3

இனிமேல் அவர் இவர் என்று எழுத என்னால் ஆகாது. அவன்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனேன். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிற இடம். அன்றைக்கு ஆள் அரவமே இல்லை. சாமி முன்னால் நின்று சொன்னேன்: "நான் அவன் வாசல்ல நின்ன மாதிரி அவன் எங்க வாசல்ல வந்து நிக்கணும். உசுருக்காக நிக்கணும். அதைக் காதால கேக்குற வரைக்கும் உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன்." ரெண்டு கை நிறைய மண்ணை அள்ளி அவன் வீட்டுத் திசையைப் பார்த்துத் தூற்றினேன்.

பிறகு கல்யாணம், கழுகுமலைக்காரர், பேச்சு குறைவு. அவருடைய வேலை எங்களை இங்கே கொண்டுவந்தது. ஒரு பெண் பிறந்தாள். இருபது வருஷம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி கட்டினேன். முழங்கால் போனது, வேலையை விட்டேன். பெண்ணும் படிக்க வேறு ஊருக்குப் போனாள். அதற்கப்புறம் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் அய்யலுசாமியும்தான். காலையில் விளக்கேற்றினால் முதல் வேண்டுதல் அவனுக்கு. "சாமி, அவன் நல்லா இருக்கக் கூடாது." மற்றவர்கள் பிள்ளைக்கு வேண்டுகிற அக்கறையோடு வேண்டுவேன். இத்தனைக்கும் அவன் நன்றாகத்தான் இருந்தான். ரெண்டாவது டிராக்டர் வாங்கினான், மாடி கட்டினான். ஒவ்வொன்றையும் என் தம்பி முத்துராஜ் போனில் சொல்லுவான். எனக்கு அன்று சோறு இறங்காது.

லீவுக்கு வந்த என் பெண் பிரியா ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, நீ வீட்டில் உட்கார்ந்து ஒரு கிழவனைத் திட்டிக்கிட்டே இருக்கே. ரொம்ப டாக்ஸிக். வெளியே போய் யாருக்காவது ஏதாவது செய்." அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி என் வசவுகள். மீதியை இங்கிலீஷில் சொன்னாள். பாட்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பாம்பு கடித்துச் செத்தாள் என்பது வரைதான். டிராக்டரை விளக்கப் பார்த்தேன். "பூஜை பண்ணினா ஏன் வண்டியை எடுக்கக் கூடாது?" என்றாள். அதைத்தானம்மா நானும் முப்பது வருஷமாகக் கேட்கிறேன் என்றேன்.

அவள்தான் ஆஸ்பத்திரிக்கு மனு போட்டாள். சும்மா உழைக்கிறேன் என்று சொல்வதற்கு இந்த நாட்டில் எத்தனை காகிதம்! போலீஸ் சான்று, ஐந்து வருஷ விலாசம், சொந்தக்காரர் அல்லாத ரெண்டு பேருடைய நற்சாட்சி. சின்ன வயதில் அம்மை போட்டதா, அத்தாட்சி உண்டா என்று ஒரு கேள்வி. எங்கள் ஊரில் அம்மைக்கு அத்தாட்சி வாசல் நிலையில் சொருகின வேப்பிலைதான், அதை எங்கே போய்த் தேட? கடைசியில் கையில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "போட்டிருக்கிறது" என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். "ஏன் சேவை செய்ய விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கட்டம். அதில் பிரியா என்னைக் கேட்காமலே "மனிதர்களுக்கு உதவ" என்று எழுதிவிட்டாள்.

4

என்னைப் பிரார்த்தனை அறையில் போட்டார்கள். எல்லா மதத்துக்கும் பொதுவான அறை. நாலு வரிசை நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மெழுகுவர்த்தி. அதுவும் பேட்டரியில் எரிவது. செவ்வாய்தோறும் பதினோரு மணிக்கு அரை மணி நேரம் அங்கே பிரார்த்தனை. நடக்க முடியாத நோயாளிகளை வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுவிடுவது என் வேலை.

எனக்கு மேலே மோரீன். எழுபத்தைந்து வயது, பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். குட்டையாக, இரும்பு மாதிரி இருப்பாள். அந்த அறைக்கு அவள்தான் எல்லாம்.

முதல் வாரமே ஒரு கூத்து. நான் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தாத்தா, ஒரு கப் டீக்காகக் கொலையே செய்வேன் என்று அவர்கள் பாஷையில் சொன்னார். அது அவர்கள் பேச்சு வழக்கம் என்பது எனக்கு என்ன தெரியும்? இவருக்கும் ஒரு அய்யலுசாமி இருக்கிறான் போல என்று நினைத்து, "யாரை?" என்று பரிவாகக் கேட்டேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் மூக்கில் செருகின ஆக்சிஜன் குழாய் கழன்றுவிட்டது. நர்ஸ் ஓடிவந்தாள்.

ஆனால் தள்ளுகிற வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு பட்டனை அழுத்தினால் நாற்காலி வருகிறது, லிப்ட் வருகிறது, ஆள் வருகிறது. பளபளவென்று வழுக்குகிற தரை. நூறு கிலோ மனுஷரை ஒற்றைக் கையால் தள்ளலாம். அந்தத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எங்கள் அம்மாவுக்கு ரெண்டே மைல். ரெண்டு மைலுக்கு ஒரு சக்கரம் கிடைக்கவில்லையே! ஒவ்வொரு நாற்காலியையும் அந்த எரிச்சலிலேயே தள்ளினேன். முழங்கால் வலியை மறந்து தள்ளினேன். "உங்களுக்கு எவ்வளவு அக்கறை" என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

5

மூன்றாவது வாரம் முத்துராஜ் போன் பண்ணினான்.

"ஏக்கா, அய்யலு மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து மதுரைல சேத்திருக்காவ. மெஷின்லதான் மூச்சு ஓடுதாம். தேறாதுங்காவ."

"ஏலே, அவனை மாமாங்காத!" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சிரித்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்தேன்.

பிரார்த்தனை அறை மேஜையில் ஒரு மரப்பெட்டி உண்டு, பக்கத்தில் சீட்டுகளும் பேனாவும். வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போடலாம். நம் பக்கம் சில கோயில்களில் சூலத்தில் சீட்டு எழுதிக் கட்டுகிறோமே, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கட்டின சீட்டை யாராவது பிரித்துப் படிப்பார்களா? அது நமக்கும் சாமிக்கும் உள்ள விஷயம். சீட்டில் பேருக்கு ஒரு கோடு, அதன் கீழே வேண்டுதலுக்கு நாலு கோடு. வெளிநாட்டு விலாசத்துக்குத் தபால் எழுதுகிற பழக்கத்தில் பேரை இங்கிலீஷில் எழுதினேன்: அய்யலுசாமி. வேண்டுதலைத் தமிழில் எழுதினேன்: "இவன் எழுந்திருக்கக் கூடாது. வண்டி கிடைக்காமல் சாக வேண்டும். ரெண்டு மணி நேரம் ஆக வேண்டும்." மடித்துப் போட்டேன். அன்றைக்குத்தான் அந்த அறையில் முதல் முறையாக மனசு நிறைந்து கண்ணை மூடி நின்றேன்.

அடுத்த செவ்வாய் மோரீன் பெட்டியைத் திறந்தாள். சீட்டுகளை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பேரை மட்டும் வாசித்தாள். பேர் வாசித்ததும் எல்லோரும் சேர்ந்து, "சுகம் தாரும்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ஜான். சுகம் தாரும். மார்கரெட். சுகம் தாரும்.

"ஐ... யா... லூ," என்றாள் மோரீன்.

"சுகம் தாரும்" என்றார்கள் ஒன்பது நோயாளிகளும். டீக்குக் கொலை செய்கிற தாத்தாவும் மூக்குக் குழாயோடு சொன்னார். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த ஒரு கிழவி கண்ணீர் விட்டாள்.

அட பாவிகளா, யாருக்குடா சுகம் கேட்கிறீர்கள்!

6

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு பேர் நாலு வாரம் கிண்ணத்தில் இருக்கும். அப்புறம் கொடுத்தவர்களைக் கேட்பார்கள். குணமானாலும் எடுத்துவிடுவார்கள், இறந்தாலும் எடுத்துவிடுவார்கள். ரெண்டும் இல்லையென்றால் தொடரும்.

நாலாவது வாரம் மோரீன் கேட்டாள். "உன் அய்யலு எப்படி இருக்கிறார்?"

என் அய்யலுவா? எரிந்தது. "இன்னும் இருக்கிறார்" என்றேன்.

"அப்படியானால் வைத்துக்கொள்ளலாமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் எனக்கு ஒரு கணக்கு. மோரீன் பேரை மட்டும்தானே வாசிக்கிறாள். சாமி முழுச் சீட்டையும் வாசிக்குமே! சீட்டு கிண்ணத்தில் இருக்கும்வரை என் தமிழ் வரி சாமி கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒன்பது வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். பார்த்துவிடலாம். "வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர்கள் "சுகம் தாரும்" என்று சொல்லும்போதெல்லாம் நான் வாயை இறுக மூடிக்கொண்டு, மனசுக்குள் என் வரியைச் சொன்னேன். இப்படி மூன்று தடவை புதுப்பித்தேன். மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் ஒரு செவ்வாய் விடாமல் போனேன். பிரியாவிடம் மோரீன், "உன் அம்மா மாதிரி ஒரு பக்தையை நான் பார்த்ததில்லை" என்றாளாம்.

பிறகு முத்துராஜ் போன் பண்ணினான்.

"ஏக்கா, அவிய வீட்டுக்கு வந்துட்டாவ."

"பொணமாவா?"

"என்னக்கா நீ. நடந்து வந்தாவ. டாக்டருக்கே நம்ப முடியலையாம். எப்படிப் பிழைச்சாருன்னு தெரியலன்னுட்டாராம்."

எனக்குத் தெரியுமே எப்படிப் பிழைத்தான் என்று!

7

அடுத்த செவ்வாய் மோரீனிடம் நேராகப் போய் நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் பாதியாகிவிடும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா, பாம்பு, சேறு, டிராக்டர், பூசை, பொரி. சீட்டில் நான் சுகம் கேட்கவில்லை, சாவு கேட்டேன் என்றேன். என்னைச் சேவையிலிருந்து நீக்கினாலும் சரி என்றேன்.

மோரீன் கெட்டிலைத் தட்டிவிட்டு டீ போட்டாள். என் கையில் கப்பைக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும்."

வேறு பாஷையில் சீட்டு வந்தால் யாரையாவது கொண்டு படிக்கச் சொல்ல வேண்டும் என்பதும் அங்கே ஒரு விதியாம். யாராவது தன்னையே மாய்த்துக்கொள்வதாக எழுதியிருந்தால் தெரிய வேண்டுமே. ரத்தம் எடுக்கிற பிரிவில் இருந்த நம் திருச்சிப் பெண்ணிடம் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் படித்துவிட்டு முகம் சிவந்து, "உடம்பு சரியில்லையாம், அவ்வளவுதான்" என்றிருக்கிறாள். "அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன். அவ்வளவுதான் என்றால் ஏன் அப்படிச் சிவக்க வேண்டும்?" என்றாள் மோரீன்.

"தெரிந்துமா அவனுக்காக வாசித்தீர்கள்?"

"கிண்ணத்தில் ராபர்ட் என்று ஒரு பேர் வாரா வாரம் வருமே, கவனித்தாயா?"

கவனித்திருக்கிறேன். நான் அங்கே போவதற்கு முன்பிருந்தே இருக்கிற பேர்.

"என் முதல் புருஷன். என் தாடையை உடைத்தவன். இருபது வருஷமாக அவனுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்கிறேன்." டீயை ஒரு வாய் குடித்தாள். "சீக்கிரம் செத்துவிட்டால் எனக்கு என்ன லாபம்? வெட்கப்படுகிற அளவுக்கு உயிரோடு இருக்க வேண்டும். நான்தான் கேட்கிறேன் என்பது அவனுக்குத் தெரியவும் வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு கார்டு எழுதி அனுப்பிவிடுவேன்: இந்த வருஷமும் உனக்காகப் பிரார்த்தித்தேன், ராபர்ட்."

அந்தக் குட்டை மனுஷியை நான் அண்ணாந்து பார்த்தேன். இத்தனை நாள் வெறும் கத்துக்குட்டியாக இருந்திருக்கிறேனே என்று தோன்றியது.

8

அன்றைக்கே முத்துராஜுக்குப் போன் போட்டேன். "போய் அவன்கிட்ட சொல்லு. நீ மெஷின்ல கிடந்தப்போ இங்கிலாந்து ஆஸ்பத்திரியில வாரா வாரம் உன் பேரைச் சொல்லிச் சாமி கும்பிட்டாவ, பேரைக் கொடுத்தது எங்க அக்கான்னு சொல்லு. பாம்பு கடிச்சுச் செத்தவளோட மகளாக்கும்னு சொல்லு. டீக்கடையில வச்சுச் சொல்லு, நாலு பேர் இருக்கையில."

"எதுக்குக்கா? நல்ல காரியம் பண்ணிட்டு அதைப் போய்..."

"நல்ல காரியமாலே? சொல்லுன்னா சொல்லு."

சொல்லியிருக்கிறான். அய்யலுசாமி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனானாம்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். எங்கள் வீட்டு வாசலில்! முத்துராஜ், "வாங்க, உக்காருங்க" என்றிருக்கிறான். உட்காரவில்லை. துண்டு தோளில் இல்லை, கையில் இருந்ததாம்.

"முத்து, அங்கன எம் பேரை இன்னும் சொல்லுதாவளா?"

"தெரியலையே மாமா."

"அக்காகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லேன். நிறுத்திட்டா எனக்கு என்ன ஆகும்னு தெரியல."

பூசை போட்ட வண்டியை எடுத்தால் சாமி குத்தம் என்று பயந்தவன் அல்லவா? பேரை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்று பயப்பட மாட்டானா? அந்தப் பயம் பொய்யில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவன் சாக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பித்தான் என் அம்மாவைச் சாகவிட்டிருக்கிறான். அதைத் தெரிந்துகொண்ட பிறகாவது மனசு இளகும் என்று நினைப்பீர்கள். இல்லை. பொய் சொன்னவனையாவது மன்னிக்கலாம் போலிருந்தது.

இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று மோரீனிடம் சொல்லி அவன் பேரைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டேன். அதிலிருந்து வாரா வாரம் அவன் எங்கள் வாசலில் நிற்கிறான். செவ்வாய் மத்தியானத்திலிருந்தே வந்துவிடுகிறானாம். நாங்கள் பிரார்த்தனை முடிக்கும்போது அங்கே மணி நாலு. பேரை வாசித்தாயிற்று என்று நான் வியாழக்கிழமைதான் முத்துராஜிடம் சொல்வேன். "பாவம்க்கா, செவ்வாய்க்கிழமையே சொல்லிரேன், ரெண்டு நாளும் வந்து வந்து நிக்காவ" என்று அவன் கெஞ்சுகிறான். முடியாது. அம்மா சேற்றில் கிடந்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு நாள்.

எங்கள் வீட்டுக்காரர் எப்போதாவது ஒரு வார்த்தை பேசுகிறவர். "உன் வேண்டுதல் பலிச்சிருச்சே, பங்குனிக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவமா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன். என்ன பாக்கி என்று எனக்கே அப்போது தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் வாசலில் நிற்க ஆரம்பித்த பிறகு எனக்குத் தூக்கம் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று காலையில் எழுந்திருக்கப் பிடிக்கிறது. நான் ஒரு வாரம் போகாவிட்டால் அவன் பேரைப் புதுப்பிக்க ஆள் இல்லை. அவன் போய்விட்டால் யார் வந்து நிற்பார்கள்? அதற்காகவே ஜுரத்தோடும் போயிருக்கிறேன். போன இடத்தில் ஒன்பது பேரைத் தள்ளியிருக்கிறேன். ஒருத்தரையும் காக்க வைத்ததில்லை. வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் வேண்டும், அது பிரார்த்தனையில் கிடைக்கும் என்கிறார்களே, எனக்குக் கிடைத்தது இதுதான்.

9

இப்போது இந்த ஆயுத பூசைக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஊரில் மத்தியானம் ஒன்றரை. முத்துராஜ் முகம் பார்க்கிற போன் போட்டான்.

"ஏக்கா, இவிய காலையிலேருந்து நிக்காவ. ரெண்டு நாளா மறுபடியும் மூச்சு இரைக்குதாம். உங்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

போனைத் திருப்பினான். முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனைப் பார்த்தேன். சட்டை ரெண்டு ஆள் அளவுக்குப் பெரிதாகத் தொங்கியது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் வாசல் படிக்குக் கீழே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் முத்துராஜின் மோட்டார் சைக்கிள் தெரிந்தது. பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தது.

"தாயி," என்றான். அதே தாயி. "இன்னைக்கு எம் பேரைச் சொல்லிருவாவளா? மறந்துற மாட்டாவளே? சொல்லிருவாவன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு தாயி. அது போதும்."

என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. சத்தியமாக இல்லை. அந்த மாலையைப் பார்த்ததும் அதுவாக வந்தது. குரல்கூட அவன் குரல் மாதிரியே நிதானமாக வந்தது.

"இன்னைக்குப் பூசைல்லா மாமா. நடுவுல எதையும் எடுக்கக் கூடாதுல்லா. நாளைக்கு விடியட்டும், மொத வேலையாச் சொல்லுதேன்."

முத்துராஜுக்கு விளங்கவில்லை. அம்மா போனபோது அவன் சின்னப் பிள்ளை. அய்யலுசாமிக்கு விளங்கியது. கட்டின கை அவிழ்ந்து தொங்கியது. அப்படியே எங்கள் வாசல் படியில் உட்கார்ந்தான். இத்தனை வாரமாக உட்காரு உட்காரு என்றும் உட்காராதவன் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"முத்து, அவியளுக்குக் கொஞ்சம் பொரி கொடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டுப் பேரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். டீத் தாத்தா இப்போது இல்லை, அவர் பேரைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு மோரீன் கிண்ணத்தை எடுத்தபோது, "இன்று நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தந்தாள்.

முதல் சீட்டாக அவன் சீட்டைத் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. நான் எழுதின தமிழ் வரி அப்படியே இருந்தது. நான் அதை அடிக்கவில்லை.

"அய்யலுசாமி" என்று முழுப் பேரையும் ஒழுங்காக வாசித்தேன்.

எட்டுப் பேரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஊரில் அப்போது மணி மூன்றரை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே நேரத்தில் நாங்கள் கட்டிலோடு சேற்றில் பாதி வழியில் இருந்தோம். அவன் பேரை வாசித்தாயிற்று என்பதை அவனுக்கு நாளைக்கு விடிந்த பிறகுதான் சொல்வேன்.